நாவால் வாங்கிய செய்தி



தேர்தல் வந்தால் முன்பெல்லாம் சுவர்கள் பேசின, ஒலிபெருக்கிகள் பேசின. இன்று ஒவ்வொருவர் கையிலுமுள்ள செல்போன் பேசுகிறது. கட்சிகள் இதற்கென்றே ஆட்களை அமர்த்தி, வாட்ஸ்அப், பேஸ்புக் வழியாக நம் அடுப்பங்கரை வரை வந்துவிடுகின்றன. கொள்கையைச் சொல்ல வருவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் கூடவே பொய்யும் வருகிறதே! அதை ஊரெல்லாம் கொண்டு சேர்ப்பது யார்? கட்சிக்காரர்கள் மட்டுமா? நாமும்தானே!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது, ஒரு வேட்பாளர் நம் சமுதாயத்தை இழிவாகப் பேசியதாக ஒரு துண்டு வீடியோ எனக்கு வந்தது. பார்த்ததும் உள்ளம் கொதித்தது. மஃரிப் பாங்கு சொல்வதற்குள் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். வாக்குப்பதிவு முடிந்தபின் ஒருவர் முழுப் பேச்சையும் காட்டினார். வேறொருவர் சொன்ன இழிசொல்லை எடுத்துக்காட்டி, அதைக் கண்டித்தல்லவா அந்த மனிதர் பேசியிருக்கிறார்! முன்னும் பின்னும் வெட்டியிருந்தார்கள். மிம்பரில் நின்று உண்மையை உபதேசிக்கும் நானே ஒருவருக்கு அநியாயம் செய்துவிட்டேன். அதே குழுக்களில் திருத்தம் அனுப்பினேன். ஆனால் அங்கிருந்து எங்கெங்கோ போனதை யார் திருப்பி அழைப்பது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, நல்ல முஸ்லிம்கள் சிலரும் அதை எடுத்துப் பேசிவிட்டனர். அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளும்போது, அச்செய்தியை அவர்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டதாகக் கூறுகிறான். செய்தியைக் காதால்தானே வாங்க வேண்டும்? காதில் விழுந்தது உள்ளத்தில் தங்கி, ஆராயப்பட்டு, பிறகல்லவா நாவுக்கு வரவேண்டும்! இடையில் சிந்தனைக்கு இடமே இல்லாமற் போனதைத்தான் அச்சொல் உணர்த்துகிறது. இன்று நாம் விரலால் வாங்கி, விரலாலேயே அனுப்பிவிடுகிறோம்.

அதே நாட்களில் அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். ஊரார் பேசுவதைக் கேட்டீர்களா என்று மனைவியார் வினவினார். நீ அப்படிச் செய்வாயா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மாட்டேன் என்றார் மனைவியார். அப்படியானால் உன்னைவிட மேலான ஆயிஷா எப்படிச் செய்வார் என்றார்கள். அவதூறு அந்த வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. நம் வீடுகள் இப்படி இருக்கின்றனவா?

வதந்தியை நம்பிப் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. வியாபார நிறுவனமே நம் விரலுக்கு எல்லை போடுகிறது. நம் ஈமான் போட வேண்டாமா?

கண்ணால் கண்டேன் என்பதும் இனிப் போதாது. 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி அவர்கள், 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். கணினி உருவாக்கிய தோற்றமும் குரலும் அவை. அங்கு மறைவேதும் இல்லை. ஆனால் வஞ்சகர் கையில் இதே வித்தை கிடைத்தால்? இத்தகைய போலிகளைத் தெரிய வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்கும்படி 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. அந்த 3 மணி நேரத்தில் அது எத்தனை கைகளைக் கடந்திருக்கும்!

பொய்யானாலும் நம் தரப்புக்கு நன்மைதானே என்று சிலர் கூறுவர். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகைகூட நீதி தவறக் காரணமாகக் கூடாதென்று அல்மாயிதா அத்தியாயம் தடுக்கிறதே! கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

ஆகவே, செய்தி வந்தால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளுங்கள். முழுவதையும் பாருங்கள். தெளிவில்லையேல் உங்களோடு நிறுத்துங்கள். தவறி அனுப்பிவிட்டால், வெட்கப்படாமல் அனுப்பிய இடத்திலேயே திருத்துங்கள். தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்று ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த வருத்தத்தை நான் அனுபவித்துவிட்டேன். உங்களுக்கு அது வேண்டாம்.

நம் நாவையும் விரலையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.