உதோனும் மன்னிப்பும்

சியோலில் நல்ல ஜப்பானியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஹான் ஆற்றின் வடகரையில் இருக்கும் இச்சோன்-தோங்கைச் சொல்வார்கள். 1965இல் இரு நாடுகளும் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்ட பிறகு ஜப்பானியக் குடும்பங்கள் வந்து தங்கிய பகுதி அது. உதோன், சுஷி, யாகிதோரி எல்லாம் உண்டு. அதே யோங்சான் வட்டாரத்தில்தான் காலனி காலத்து ஜப்பானிய இராணுவ முகாமும் இருந்தது.

1910 முதல் 1945 வரை தன் நாட்டை அடக்கி ஆண்டவர்களின் உணவை ஒரு கொரியர் ரசிக்கலாமா? 2019இல் ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தபோது இந்தக் கேள்வி சாப்பாட்டுக் கடை வரைக்கும் வந்தது. அடி வாங்கிய கடைகளில் பலவற்றின் முதலாளிகள் கொரியர்கள்தான்!

'சோத்துல என்னங்க அரசியல்?' என்று கடந்துவிடவும் முடியாது. இது கொரியர்களுக்கு மட்டுமான கேள்வியும் இல்லை. சயாம் மரண ரயிலுக்குத் தோட்டத்துச் சனத்தைப் பறிகொடுத்த நாமும் கோலாலம்பூரில் சுஷிக்கு வரிசை பிடிக்கிறோமே.

மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் கொடுப்பது. நம் நாக்கு அதைக் கொடுத்துவிட முடியாது. உதோன் கிண்டுகிற சமையல்காரர் அதைக் கேட்கவும் வேண்டியதில்லை. ஆக, தாராளமா ரசிச்சுச் சாப்பிடலாம். சாப்பிட்டதாலேயே பழைய கணக்கு தீர்ந்தது என்று நினைப்பதுதான் தப்பு.

போர்க்காலத்தில் ஜப்பானிய இராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கு நீதி கேட்கும் புதன்கிழமைப் போராட்டம் 1992இல் தொடங்கியதும் இதே சியோலில்தான். செவ்வாய் இரவு உதோன் சாப்பிட்டவர் மறுநாள் அங்கே போய் நிற்கலாம். இரண்டிலும் பொய் இல்லை.