குருவில்லாத வித்தை

இணையத்தில் தானாகவே கணினிப் பாதுகாப்பு கற்பவருக்கு வித்தை வரலாம், குருவில்லாமல் அறம் வராது என்கிறார்கள். 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த புழு நிரலை எழுதிய ராபர்ட் மோரிஸ், அப்போது கார்னெல் பல்கலைக்கழக மாணவர். தந்தையோ அமெரிக்க அரசின் மறையீட்டு வல்லுநர். குருவுக்கா பஞ்சம்? இல்லாமல் போனது, யார் கணினியில் அந்தப் புழு புகுந்ததோ அவர்களுடைய சம்மதம். ‘வெப்கோட்’ என்ற பயிற்சி மென்பொருள் வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டப்பட்டது. அதைத் தன் கணினியில் நிறுவித் தனியே பழகுபவரும் பூட்டுடைக்கத்தான் கற்கிறார். ஆனால் உடைபடுவது அவருடைய பூட்டு. தனிமையில் மனம் தடுமாறினால் தடுக்க ஆளில்லையே என்பார்கள். நியாயமான கவலைதான், சிறுவர்கள் விஷயத்தில் இன்னும் நியாயம். ஆனால் ஆளிருப்பதால் மட்டும் அடங்கும் கையை அச்சம்தான் பிடித்திருக்கிறது. அறம் அங்கே இன்னும் தொடங்கவில்லை. ஏகலைவன் கதையிலும் நம்மை உறுத்துவது, கட்டைவிரல் கேட்ட குருவின் அறம்தானே?