முன்னோர் கொடுத்த வாக்கு



வசந்தமும் கோடையும் வந்தால் ஐரோப்பியர் விடுமுறைப் பயணம் புறப்படுவார்கள். அவர்களில் அநேகர் பத்தாண்டுக்கு ஒருமுறை தேடிப்போகும் ஊர் ஒன்று உண்டு. அது ஜெர்மனியில், பவேரியா மலைநாட்டிலுள்ள ஓபராமர்காவ் என்னும் கிராமம்.

1633-ம் ஆண்டு கொள்ளைநோய் அவ்வூரை வாட்டியது. உயிர் தப்பியவர்கள், பத்தாண்டுக்கொருமுறை ஆண்டவருடைய திருப்பாடுகளை நடித்துக் காட்டுவதாகச் சர்வேசுரனுக்கு நேர்ந்துகொண்டார்கள். 1634-ல் முதல் நாடகம் நடந்தது. நேர்ந்தவர்கள் மண்ணாய்ப் போனார்கள். அவர்கள் கொடுத்த வாக்கைப் பிள்ளைகள் காத்துவருகிறார்கள். அங்கே பிறந்தவர்களும், இருபது ஆண்டு குடியிருந்தவர்களுமே மேடையேறுவார்கள். நாடகத்துக்கு முந்திய ஆண்டு விபூதிப் புதன் முதல் தலைமயிரும் தாடியும் வளர்ப்பார்கள். 2020-ல் கொரோனா நோய் தடுத்தது. ஆயினும் 2022-ல் நேர்ச்சையைச் செலுத்தினார்கள். அடுத்த முறை 2030-ல்.

பயணிகளுக்கு அது ஒருநாள் காட்சி. ஊராருக்கோ தலைமுறைக் கடன்.

கிறிஸ்தவர்களே, நமக்காகவும் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. நாம் பேசவறியாக் குழந்தைகளாயிருக்கையில், பசாசை விட்டுவிடுகிறோமென்று ஞானத்தாய் தகப்பன்மார் நம் பேரால் சொன்னார்கள். அந்த வாக்கை இன்று நம் வீட்டில் காப்பவர் யார்? இன்றிரவு குடும்ப ஜெபத்தில் அதை நாமே நம் வாயால் சொல்லுவோமாக. ஆமென்.