தோற்றுப் பழகிய ஊர்

"அது ராசியில்லாத இடம், அங்கே எதுவும் உருப்படாது." உன் பள்ளியைப் பற்றி, உன் தெருவைப் பற்றி, உன் வீட்டைப் பற்றி இப்படி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? கேட்டுக் கேட்டு நீயும் நம்ப ஆரம்பித்துவிட்டாயா? அப்படியானால் இப்படி வந்து உட்கார். உனக்கு மன்ஹாட்டன் கதையைச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் வானளாவிய மன்ஹாட்டன் அல்ல. அமெரிக்காவின் நட்டநடுவில், கோதுமை விளையும் கன்சாஸ் மாநிலத்தில் இருக்கிற சிற்றூர். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டில் கல்லூரிக் கால்பந்து என்றால் ஊர்த் திருவிழா. நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை அது. தலைக்கவசம் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மோதி மோதி முன்னேறும் ஆட்டம். அந்தத் திருவிழாவில் எல்லாரும் கைகொட்டிச் சிரித்த அணி கன்சாஸ் ஸ்டேட். முதல்தர அணிகளில் 500 தோல்விகளை முதலில் தொட்டது அதுதான். 1987இல் ஒரு வெற்றிகூட இல்லை. 1988இலும் இல்லை. நாடறிந்த ஒரு விளையாட்டு இதழ் உருப்படாத பல்கலைக்கழகம் என்ற பொருளில் தலைப்புப் போட்டே எழுதியது.

அந்த இடத்துக்கு ஒருவர் விரும்பிப் போனார். பெயர் பில் ஸ்னைடர். வயது 49. அயோவா பல்கலைக்கழகத்தின் வலுவான அணியில் துணைப் பயிற்சியாளராக, நல்ல பெயரோடு இருந்தவர். அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனவர் முதல் நாளே "கோப்பையை வெல்வோம்" என்று மார்தட்டவில்லை. பையன்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நேற்றைவிட இன்று கொஞ்சம் தேறு. ஓட்டத்தில் கொஞ்சம், படிப்பில் கொஞ்சம், நடத்தையில் கொஞ்சம். 16 குறிக்கோள்களை வகுத்துக் கொடுத்தார். ஈடுபாடு, ஒற்றுமை, தன்னொழுக்கம், தவறுகளைக் களைவது என்று போகும் பட்டியல் அது. தோல்வியை ஏற்காதிருப்பதும் உனக்கு நீயே வேலி போட்டுக்கொள்ளாதிருப்பதும் அதில் உண்டு. இதெல்லாம் நமக்குத் தெரியாததா என்று கேட்பாய். தெரியும்தான். தெரிந்ததைத் தினம் தினம், மழையிலும் வெயிலிலும், ஜெயித்த மறுநாளும் தோற்ற மறுநாளும் செய்தாயா? அதைச் சொல்!

1989 செப்டம்பர் 30. எதிரே நார்த் டெக்சஸ், ஸ்னைடர் முன்பு வேலை பார்த்த அதே பல்கலைக்கழகம். கன்சாஸ் ஸ்டேட் வென்று ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கடிகாரம் முடியப் போகிறது. அணி பின்தங்கி நிற்கிறது. மிச்சம் ஒரே ஒரு வீச்சு. கார்ல் ஸ்ட்ரா என்ற மாணவன் பந்தை எறிகிறான். எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் அதைப் பிடிக்கிறான். 20-17! அந்த ஒரு பந்தை அவன் நழுவவிட்டிருந்தால்? மறுநாளும் பயிற்சி நடந்திருக்கும். அதை நினைத்துத்தான் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஏனென்றால் அந்த ஆண்டு முழுக்க அவர்கள் வென்றது அந்த ஓர் ஆட்டம்தான். பத்தில் தோல்வி. கணக்கை மட்டும் பார்ப்பவன் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பான். மறு ஆண்டு ஐந்து வெற்றி. அதற்கடுத்து ஏழு. 1992இல் மறுபடி ஐந்துக்கு இறங்கியது. தம்பி, தங்கையே, இந்த இறக்கத்தை நன்றாகப் பார்! ஏறுகிறவன் ஒருமுறை சறுக்கினால் "முன்பே சொன்னேனே" என்று சொல்ல நாலு பேர் காத்திருப்பார்கள். சொல்லட்டும். 1993 முதல் 2003 வரை, இடைவிடாமல் 11 ஆண்டுகள், சிறந்த அணிகளுக்கு மட்டுமே அழைப்பு வரும் பவுல் ஆட்டங்களுக்கு அந்த அணி போனது. அதற்குமுன் அவர்கள் வரலாற்றிலேயே ஒரே ஒருமுறைதான் போயிருந்தார்கள்.

யாரை வைத்துச் சாதித்தார்? பெரிய பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போன நட்சத்திரங்களை வைத்தா? இரண்டாண்டுக் கல்லூரிகளில் தேடினார். மைக்கேல் பிஷப் அப்படி வந்தவர்தான். 1998இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுத் தேர்வில் இரண்டாம் இடம். உதவித்தொகை இல்லாமல் "நானும் ஆடுகிறேன்" என்று தானாக வந்து நின்ற உள்ளூர்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார். பக்கத்து ரைலி ஊர்ப் பையன் ஜோர்டி நெல்சன் அப்படி வந்து நின்றவன். பின்னாளில் கிரீன் பே என்ற தொழில்முறை அணிக்காக, அந்த ஆட்டத்தின் உச்சப் பட்டமான சூப்பர் பவுலை வென்றான். உனக்கு யாரும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லையா? விரிக்காவிட்டால் போகட்டும், போய் நில்!

பலமில்லாத அணிகளாகத் தேடிப் பிடித்து ஆடுகிறார் என்று அவரைக் குறை சொன்னார்கள். உண்மைதான், தங்கள் பிரிவைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களோடு ஆண்டுதோறும் ஆடும் தொடர்ப் போட்டிக்கு வெளியே அப்படித்தான் ஆட்டங்களை அமைத்தார். நான் அவர் பக்கம். நீச்சல் கற்க வந்த பிள்ளையை யாரும் முதல் நாளே கடலில் தள்ளுவதில்லை. தோற்றே பழகிய பையனுக்கு ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று முதலில் காட்ட வேண்டாமா? காலை ஐந்தரைக்கு விசிலோடு மைதானத்தில் நிற்கும் பி.டி. மாஸ்டர்களே, இதை உங்களுக்காகவும்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. அடிபட்டு விழுந்த வீரனுக்கு, அவன் எதிரணிக்காரனாக இருந்தாலும், ஊதா மையில் தன் கையாலேயே கடிதம் எழுதி அனுப்புவார் ஸ்னைடர். ஊதா அவர்கள் அணியின் நிறம்.

இனி வலியான இடம். 1998இல் ஒரு தோல்விகூட இல்லாமல் தொடர்ப் போட்டியின் இறுதிக்கு வந்தார்கள். கடைசிக் கால் பகுதியில் 27-12 என்று முன்னிலை. தேசிய மகுடம் கைக்கெட்டும் தூரம். டெக்சஸ் ஏ அண்ட் எம் துரத்திப் பிடித்தது. இரண்டு கூடுதல் நேரச் சுற்றுகளுக்குப் பிறகு 36-33 என்று போயிற்று. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன இரவு. அன்று அழுதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அழு. ஆனால் மறுநாள் காலை எழுந்திரு!

2003. அதே இறுதி ஆட்டம். எதிரே நாட்டின் முதலிடத்தில் இருந்த, அந்த ஆண்டு ஒருமுறைகூடத் தோற்காத ஓக்லஹோமா. அதன் பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ், மன்ஹாட்டனில் ஸ்னைடருக்குத் துணையாக ஏழு ஆண்டுகள் இருந்து வளர்ந்தவர். 2000இல் தேசிய மகுடமே சூடியவர். முதல் புள்ளிகளை ஓக்லஹோமாதான் எடுத்தது. அதன்பின் அவர்களால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. ஐந்தரை அடி உயரமே உள்ள டாரன் ஸ்ப்ரோல்ஸ் பந்தோடு 235 கெஜம் ஓடினான். 35-7! 1934க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் கண்ட முதல் தொடர்ச் சாம்பியன் பட்டம். வென்றவர்கள் யார் தெரியுமா? அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் வரிசையாக மூன்று ஆட்டங்களில் தோற்று, "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று பேச்சு வாங்கிய அதே பையன்கள்.