பந்தியில் சகானா

ரசக் கரண்டி என் இலைக்கு மேலே நின்றது. ஊற்றவும் இல்லை, வாளிக்குத் திரும்பவும் இல்லை. ததும்ப மொண்ட கரண்டி, கொஞ்சமும் சாயாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மேடையில் பாடகி சகானாவில் ஒரு பிடியை எடுத்தார். அது மத்தியமத்திலிருந்து காந்தாரத்தைத் தொட்டு ரிஷபத்தில் வந்து அமரும் வரை நின்றது. அதற்குள் பின்னாலிருந்து யாரோ, பரிமாறிக்கொண்டிருந்த இளைஞரின் முழங்கையைத் தட்டினார்கள். ரசம் இலையில் விழுந்தது. வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

இது மும்பை மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வேறு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்த என்னை, நண்பர் ஒருவர் தன் உறவினரின் சஷ்டியப்தபூர்த்திக்கு அழைத்துப் போனார். கூடத்தின் ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் இலை போட்ட மேஜைகள். கச்சேரியும் பந்தியும் ஒரே நேரத்தில். கல்யாண ரிசப்ஷன்களில் எங்கும் உள்ள வழக்கம்தான். அதிலும் ரயிலைப் பார்த்தே நேரத்தை வகுத்துக்கொள்ளும் ஊரில் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது சிரமம். பாட்டு நன்றாக இருந்தது. சாப்பாடும் நன்றாக இருந்தது. அந்த மாலையைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கரண்டி மட்டும் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சாப்பிட்டுக்கொண்டே சங்கீதம் கேட்கலாமா என்பது பழைய சண்டை. ரிசப்ஷன் கச்சேரி என்றாலே முகம் சுளிக்கும் வித்வான்களை எனக்குத் தெரியும். எதிரே இருப்பவர்கள் கேட்கவில்லை என்பது அவர்கள் குறை. நியாயமான குறை. ஆனால் ஐரோப்பாவில் இதற்கென்றே இசை எழுதியிருக்கிறார்கள். டெலிமான் 1733இல் விருந்து மேஜைக்கான இசை என்றே ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டார். முன்பணம் கட்டி அதை வாங்கியவர்களில் ஹாண்டலும் ஒருவர். மோட்ஸார்ட் பிறந்த சால்ஸ்பர்க்கில் இன்று பயணிகளுக்காக அவருடைய இசையோடு இரவு விருந்து நடக்கிறது.

அந்த மோட்ஸார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி எப்போதோ படித்தது, மாட்டுங்காவிலிருந்து திரும்பிய பிறகு நினைவுக்கு வந்தது. 1781, வியன்னா. பேராயரின் வீட்டில் வேலை. மத்தியானச் சாப்பாட்டில் பேராயரின் அந்தரங்க வேலைக்காரர்கள் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சமையற்காரர்களுக்கு மேலே ஓர் இடம் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று கசப்போடு எழுதுகிறார். அதே வருஷம் அந்த வேலையை விட்டார். இசைக் கலைஞனின் மானத்தைப் பேசும்போது இந்தக் கடிதத்தைக் காட்டுவார்கள். முன்பு நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது என் கவனம் அந்தச் சமையற்காரர்கள் மேல் போகிறது. மோட்ஸார்ட்டோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் அவர்கள். அவர் வாசித்தது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். எந்த இடத்தில் அவர்கள் கை நின்றது?

இதை யோசிக்கும்போது என் பெரியம்மாதான் முன்னால் வந்து நிற்கிறாள்.

எங்கள் வீட்டில் ரேடியோ கூடத்தில் இருந்தது. அடுக்களை இரண்டு கட்டு தள்ளி. அகில இந்திய வானொலி 1952இல் தொடங்கிய சங்கீத நேஷனல் புரோகிராம் சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வரும். கர்நாடக சங்கீதம் என்றால் அப்பாவும் சித்தப்பாக்களும் சாப்பாட்டை முடித்துவிட்டு ரேடியோ முன்னால் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு வேலை அப்போதுதான் பாதி. கடைசிப் பந்தி பெண்களுக்கு. அதற்குப் பிறகு பாத்திரம், அடுப்பு மெழுகல், மறுநாள் தோசைக்கு அரைத்த மாவை எடுத்து வைப்பது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்து நிலைப்படியில் உட்காரும்போது பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பித்திருக்கும். ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

அதனால் அவளுக்குக் கச்சேரி என்றால் தனியிலிருந்துதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த அந்தப் பத்ததியில் வர்ணம், கிருதிகள், பெரிய ஆலாபனை, நிரவல் எல்லாம் அவள் சாதம் போட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். மிருதங்கம் மட்டும் முழுசாகக் கிடைக்கும். வாசிப்பது மணி ஐயரா, முருகபூபதியா என்று அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுவாள். கோர்வை நெருங்கும்போது நிலைப்படியில் அவள் விரல் எண்ணும். தீர்மானம் சரியாக வந்து விழுந்ததும் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைச் சாத்துவாள். ராக ஆலாபனை அவளுக்குப் பிடிக்குமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

பிற்பாடு சென்னையில் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்தபோது தனி தொடங்கியதும் வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தேன். மிருதங்கக்காரர்கள் பல காலமாக இதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். கீரை வடையும் காபியும் ஆறிவிடும் என்று போகிறார்கள், போகட்டும். பெரியம்மா அடுக்களையை விட்டு வெளியே வந்த அதே நேரத்தில் இவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து நான் தனிக்கு எழுந்ததில்லை.

மாட்டுங்காவுக்கு வருகிறேன். தமிழர்களின் பம்பாய் என்றால் பலருக்கும் நினைவில் வருவது இந்தப் பகுதிதான். டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தெற்கிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்களுக்காக இங்கே சாப்பாட்டு மெஸ்கள் தோன்றின. ஸ்டேஷனுக்கு எதிரே ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942இல் தொடங்கியது, இன்றும் இலை போடுகிறது. வயிறு நிறைந்ததும் காதுக்கு வழி தேடினார்கள். 1952இல் ஸ்ரீ சண்முகானந்தா சபா பிறந்தது. 1963இல் அதன் பெரிய அரங்கம் திறந்தது, 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். 1990இல் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். செம்பூரிலும் சபா எழுந்தது. புலம்பெயர்ந்த ஒரு கூட்டம் சங்கீதத்தை இவ்வளவு பொறுப்போடு தாங்கியது சாதாரண விஷயமில்லை. அந்தத் தலைமுறையை நான் மனமார வணங்குகிறேன்.

மத்திய ரயில்வேயின் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாராவி. அங்கேயும் தமிழர்கள். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர்கள் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடியற்காலையில் அங்கே வீடுகளில் வேகும் இட்லி நகரம் முழுக்கப் போகிறது. பொங்கலன்று தெருவில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்குகிறார்கள். இரண்டு தமிழ்ப் பம்பாய்கள், நடந்துபோகும் தூரத்தில். ஒன்றில் சாப்பாடு நடக்கிறபோது இன்னொன்றிலிருந்து பரிமாற ஆள் வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கை கழுவுகிற இடத்தில் அந்த இளைஞர் காலி வாளியோடு நின்றிருந்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“தாராவிதான் சார். அப்பாவுக்கு நாங்குநேரி பக்கம்.”

“ரசம் ஊத்த வந்தப்போ கொஞ்சம் நின்னீங்களே, பாட்டு கேட்டீங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “நீங்க சாதத்துல குழி பண்ணலையே சார். அதான் நின்னேன்.” உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். சாதத்தில் நான் குழி பண்ணவில்லை. சகானா என்னைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் இலைக்காரர் தயாராகவில்லை என்றால் பரிமாறுகிறவர் கரண்டியை வாளிக்குள்தான் வைத்திருப்பார். மொண்டு தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். கை கடுக்கும். இவர் தூக்கிப் பிடித்திருந்தார், அதுவும் அசையாமல். மேற்பார்வை பார்ப்பவர் நாலடி தள்ளி நிற்கும்போது, வேலை நேரத்தில் பாட்டு கேட்டு நின்றேன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் யார் சொல்வார்கள்? இப்படி ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார், நான்தான் அதன்மேல் ஒரு கதையை ஏற்றுகிறேன் என்று இன்னொரு பக்கம். பக்கத்து இலைக்காரர் கவளத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு யோசித்திருப்பேனா என்ற கேள்வியும் இருக்கிறது. மாட்டேன். உட்கார்ந்திருப்பவர் கேட்பது இயல்பு, நின்றிருப்பவர் கேட்பது செய்தி என்று எங்கேயோ எனக்குள் பதிந்திருக்கிறது.

ஆனால் நின்று கேட்டவர்கள்தான் நம் சங்கீதத்தை நெடுங்காலம் கேட்டவர்கள். கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரம் வாசிக்கும்போது யாரும் நாற்காலி போடவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காக விடிய விடியத் தெருவில் நின்றதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நின்றவர்களில் பூக்கட்டுகிறவரும் தீவட்டி பிடிக்கிறவரும் கடலை விற்கிறவரும் உண்டு. கையில் வேலை இருக்கும், காது அங்கே இருக்கும். பிடித்துப்போனால் கைவேலையை நிறுத்தலாம். தெரு அதற்கு இடம் கொடுத்தது. சபா வந்து டிக்கெட்டும் நாற்காலியும் மௌனமும் கொடுத்தது. நல்ல காரியம்தான், நுட்பமான சங்கீதத்துக்கு மௌனம் வேண்டும். மைக் வேண்டாம் என்று பாலக்காடு மணி ஐயர் பிடிவாதமாக இருந்தது எனக்குப் புரிகிறது. அதே மைக் இல்லாவிட்டால் ரசம் வாளி வரைக்கும் சகானா வந்திருக்காது என்பதும் புரிகிறது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

இதே பம்பாயில் இசை சுவரைத் தாண்டி வந்த கதையும் உண்டு. தாஜ் ஓட்டலில் 1940களில் பணக்காரர்களின் இரவுச் சாப்பாட்டுக்கும் நடனத்துக்கும் ஜாஸ் வாசித்த கோவா இசைக்காரர்களில் சிக் சாக்லேட் என்று ஒருவர். இந்தி சினிமாவில் சி. ராமச்சந்திராவோடு வேலை செய்தார். 1951இல் வந்த ‘அல்பேலா’ படத்தின் பாட்டுகளில் அந்த ஜாஸ் இருக்கிறது. ஓட்டலுக்குள் அடைபட்டிருந்த இசை அப்படி டீக்கடைக்கும் குடிசைக்கும் வந்து சேர்ந்தது. இசைக்குத் தன் ஆளைத் தேடிக்கொள்ள வழி தெரியும் போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெரியம்மாவுக்கு அது வழி தேடித் தரவில்லை. கடைசி வரை அவளுக்குத் தனியிலிருந்துதான்.

ஆகவே சாப்பிட்டுக்கொண்டு கேட்பது சங்கீதத்துக்கு அவமரியாதையா என்ற சண்டையில் எனக்கு இப்போது அக்கறை குறைந்துவிட்டது. சாப்பிடுகிறவர் விரும்பினால் கையை நிறுத்திக்கொள்ளலாம். பாடுகிறவர் விரும்பினால் இப்படிப்பட்ட அழைப்பை மறுக்கலாம். கூடத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். பாட்டு அவர் காதிலும் விழுகிறது, நிற்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. பந்தியும் கச்சேரியும் சேர்ந்து நடப்பதில் தவறு என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது.

இதற்கு என்ன செய்வது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. முதலில் பந்தி, பரிமாறியவர்களும் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கச்சேரி என்று வைக்கலாம். நாள் முழுக்க நின்ற கால்களுக்கு அப்போது வேண்டியது பாட்டா, வீட்டுக்குப் போகிற ரயிலா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. பெரியம்மாவிடமும் அதை யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பாட்டுக்கும் பந்திக்கும் ஏற்பாடு செய்கிறபோது, பரிமாற வருகிறவர்களிடம் அந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள். உட்கார்ந்து கேட்கிறோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னாலும் அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள்.