வேலிக்கும் எல்லை உண்டு

அறிவினால் ஒருவர் கண்டுபிடித்த நுட்பம் அவருக்கே உரியதா, உலகுக்கு உரியதா? இவ்வினாவிற்கு நாடுகள் கண்ட விடையே காப்புரிமைச் சட்டம். கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை மறைக்காமல் எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை பிறர் அதனைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பின்னர் அது அனைவருக்கும் பொதுவாகிவிடும். இவ்வொப்பந்தம் நேர்மையானதே. ஆயின், கொடுத்தது சிறிதாகவும் கேட்பது பெரிதாகவும் இருந்தால் அது அறமாகுமா? கைக்கருவிகள் பற்றி அமெரிக்காவில் நடந்த வழக்குகள் இதனைச் சிந்திக்க வைக்கின்றன.

கனடாவைச் சேர்ந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், பிளாக்பெர்ரி என்னும் கருவியின் வழியே மின்னஞ்சலை மக்களின் உள்ளங்கைக்குக் கொண்டுவந்தது. 2001ஆம் ஆண்டில் என்.டி.பி. என்னும் அமெரிக்க நிறுவனம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. என்.டி.பி. எக்கருவியையும் செய்து விற்றதில்லை; கம்பியில்லா மின்னஞ்சல் பற்றிய காப்புரிமைகளே அதன் செல்வம். 2002இல் நடுவர் குழு என்.டி.பி.க்குச் சார்பாக முடிவு கூறியது. அக்காப்புரிமைகள் செல்லுமா என்பதைக் காப்புரிமை அலுவலகமே மறுஆய்வு செய்து, அவற்றின் கோரிக்கைகளை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் சேவை முழுவதையும் நிறுத்தும் தடையாணை வந்துவிடுமோ என்ற அச்சம் நீங்கவில்லை. அரசுப் பணியாளர்களுக்கு இச்சேவை தடைபடலாகாது என்று அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் வேண்டிக்கொண்டது. இறுதியில், 2006 மார்ச் மாதம் 61.25 கோடி டாலர் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது.

கருவி செய்யாதவருக்கு உரிமை ஏது என்று சிலர் கேட்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அக்காப்புரிமைகளுக்கு மூலவரான தாமஸ் கம்பானா இத்துறையில் உண்மையாக உழைத்த பொறியாளர். தொழிற்சாலை நிறுவப் பொருளில்லாத அறிஞருக்கும் உழைப்பின் பயன் சேரத்தான் வேண்டும். குறை வேறிடத்தில் உள்ளது. அங்கே கண்டுபிடிப்பின் மதிப்பு மட்டும் விலையை உறுதிசெய்யவில்லை. எல்லாம் நின்றுவிடும் என்னும் அச்சமும் விலையை ஏற்றியது. இரண்டு மாதங்கள் கழித்து, ஈபே வழக்கில், உரிமை மீறப்பட்டது என்பதனாலேயே தடையாணை தானாக வழங்கப்படலாகாது என்றும், பொதுநலன் உள்ளிட்டவற்றை எடைபோட வேண்டும் என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லை தெளிவற்றிருப்பது மற்றொரு தீங்கு. திரையில் விரலை இழுத்துக் கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் முறைக்கு ஆப்பிள் நிறுவனம் 2005 டிசம்பரில் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றது. சுவீடனின் நியோநோட் நிறுவனத்துக் கைப்பேசியிலோ விரலை இழுத்துத் திறக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமை செல்லாது என்று 2015இல் ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் முடிவு செய்தது. அமெரிக்காவிலோ, சாம்சங் நிறுவனம் சுமார் 12 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டு முடிவுக்கு அடிப்படையான மூன்று காப்புரிமைகளுள் இதுவும் ஒன்று. அம்முடிவை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஒரே விரலசைவு ஓரிடத்தில் தனியுடைமை, மற்றோரிடத்தில் பொதுவுடைமை! கற்றறிந்த நீதிபதிகளே வேறுபடும்போது, புதிதாகத் தொழில் தொடங்கும் எளியவர் எல்லையை எங்ஙனம் அறிவார்? வழக்காடப் பொருளின்றி அவர் முயற்சியையே கைவிட நேரும். அவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஓர் ஊருக்குப் பாதை வெட்டியவர், அப்பாதையில் செல்வோரிடம் சுங்கம் கேட்பது முறை. வேறு பாதை வெட்டி வருவோரையும் மறித்து, ஊருக்கே சுங்கம் கேட்பது முறையன்று. தாம் செய்த அளவிற்கு மட்டுமே உரிமை கோருதல் வேண்டும். அவ்வளவைச் சட்டம் தெளிவாக வரையறுக்கட்டும். சட்டம் தெளிவுறாத இடத்திலும், தாம் உண்மையில் செய்தது எவ்வளவு என்பதை உரிமை கோருபவரின் உள்ளம் அறியும். அந்த அளவோடு நிற்பதே அறம் என்பது நம் துணிபு.