கண்ணாடி காட்டாத அவயவங்கள்



நமது பங்கின் வாலிபர் பலர் இந்நாட்களில் மாலைதோறும் தேகப்பயிற்சிச் சாலைக்குப் போகிறார்கள். இது நல்ல காரியமே. வீண் பேச்சில் பொழுதைக் கழிப்பதைவிட வியர்வை சிந்துவது மேல். சரீரம் சர்வேசுரன் தந்த கொடை. அதைப் பேணுவது கடமை. ஆனால் எப்படிப் பேணுவது?

வாலிபன் கண்ணாடி முன் நிற்கிறான். மார்பும் புஜமும் தெரிகின்றன. ஆகையால் அவற்றையே நாள்தோறும் பயிற்றுகிறான். முதுகும், பின்தோளும், தொடையின் பின்புறமும், கெண்டைக்காலும் கண்ணில் படுவதில்லை. ஆகையால் அவற்றை மறந்துவிடுகிறான். விளைவு என்ன? மார்பு மட்டும் இறுகி முதுகு பலவீனமாயிருந்தால், தோள்கள் முன்னே வளைய ஏதுவாகும். தோள்மூட்டு வலியும் வரலாம். புஜம் பருக்க வேண்டுமென்று முன்பக்கத் தசையையே முறுக்குகிறவன், மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்பக்கத் தசையுடையதென்று அறியான். கெண்டைக்கால் தசையோ, நாம் நடக்கும்போதெல்லாம் சுருங்கி, கால்களிலுள்ள இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. ஒருவரும் புகழாத இடத்தில் எவ்வளவு பெரிய ஊழியம்!

1901-ம் ஆண்டு செப்டம்பர் 14-ம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், யூஜின் சாண்டோ என்னும் பேர்பெற்ற பலசாலி ஒரு தேகக்கட்டுப் போட்டி நடத்தினார். துப்பறியும் கதைகள் எழுதிய கானன் டாயில் நடுவர்களில் ஒருவர். மிகப் பருத்த தசைக்கே பரிசு என்பது அங்கே விதியன்று. அவயவங்கள் ஒன்றுக்கொன்று இசைவாய் வளர்ந்திருக்கின்றனவா, தேகம் ஆரோக்கியமாயிருக்கிறதா என்றும் சீர்தூக்கிப் பார்த்தார்கள். நாட்டிங்ஹாம் ஊராராகிய வில்லியம் மர்ரே பரிசு பெற்றார்.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியபோது இதே சரீரத்தை உவமையாக எடுத்தார். அந்நகரின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டுப் போட்டிகள் நடந்துவந்தன. ஓட்டக்காரரையும் மல்லரையும் அறிந்த ஜனங்கள் அவர்கள். எளியதென்று எண்ணப்படும் அவயவமில்லாமல் மற்றவை நிலைபெற மாட்டா என்பதை அவர்களுக்கு உணர்த்தினார்.

வாலிபரே, மார்புக்காக எத்தனை முறை தள்ளுகிறீர்களோ, முதுகுக்காக அத்தனை முறையாவது இழுங்கள். வாரம் இரண்டு நாள், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெதுவாய் உயர்த்தித் தாழ்த்துங்கள். பலன் தாமதித்தே வரும். ஒன்று அறியுங்கள்: தசை எந்த இடத்தில் தசைநாராகி எலும்பைப் பற்றுகிறது என்பது பிறவியில் அமைவது. பயிற்சி பலம் தரும், பருமனும் ஓரளவு தரும். எல்லாருக்கும் ஒரே வடிவம் தராது. அவசரப்பட்டு, சிலர் இரகசியமாய் விற்கும் ஸ்டீராய்டு ஊசியையும் மாத்திரையையும் தொடாதீர்கள். இருதயமும் ஈரலும் கெடும். பிள்ளைப்பேற்றுக்கும் தடை வரலாம். அழகு தேடப் போய் ஆயுளைத் தொலைப்பது பாவமும் மூடத்தனமுமாகும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கால் மெலிந்த பையனைக் "கொக்குக்கால்" என்றும், பருத்த பெண்ணைக் "குண்டு" என்றும் வீட்டில் விளையாட்டாய் அழைக்கிறோம். சிரிப்பு அடங்கிவிடும், சொல் அடங்காது. அரைக்கால் சட்டை அணியக் கூசி, பந்து விளையாட வராமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை நமது பங்கிலேயே இருக்கலாம். தன் சரீரத்தை வெறுக்கப் பழகிய பிள்ளைக்கு, அதைச் சிருஷ்டித்தவர் தன்னை நேசிக்கிறார் என்பதை நம்புவது கடினம். அந்தப் பட்டப்பெயரை இந்த வாரமே விட்டுவிடுங்கள்.

ஆத்துமத்துக்கும் இப்படிப் பயிற்றப்படாத தசைகள் உண்டு. திருநாளில் கொடி பிடிப்பதும் காணிக்கை எழுதுவதும் பிறர் கண்ணில் படும். நோயாளித் தாயின் படுக்கையை மாற்றுவதும், சகோதரனோடு பேசாமலிருந்த பகையை முதலில் முறிப்பதும் எந்தக் கண்ணாடியிலும் தெரியா. ஆனால் குடும்பம் நிமிர்ந்து நிற்பது அவற்றின் பலத்தினாலேயே. இன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது, நான் மறந்துபோன அவயவம் எது என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலை அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு